உடைமுள்ளுக்குச் சொட்டுநீர்

செவக்காட்டூர்க்காரர்களுக்குக் கடவுள் நல்ல மனசை அள்ளி அள்ளிக் கொடுத்தார். கொடுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "புத்தியை நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் விடிந்ததும் ஊர் கூடிப் பேசினார்கள். "அவர் நாளைக்குத்தான வரச் சொன்னாரு, இன்னைக்கே போய் நின்னா மரியாதையா இருக்குமா?" என்று முடிவாயிற்று. அந்த மரியாதையை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

அந்த ஊரில் உலகம்மாள் என்று ஒருத்தி. விவசாயப் பெண்கள் குழுவுக்குத் தலைவி. கை நிறைய வேலை, வாய் நிறைய இசக்கியம்மன் பேர். அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். உளுந்து உடைக்கிற மிஷின் ஒன்று ஊருக்கு வரவேண்டும். திருகையில் உடைத்து உடைத்து அவளுடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது. கோயிலில் கையைத் தூக்கிக் கும்பிட்டால் இடது கை அம்மனைப் பார்க்கும், வலது கை பூசாரியைப் பார்க்கும். பூசாரிக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

மானாவாரி நிலத்தை மேம்படுத்துகிற திட்டம் ஒன்று சில வருஷமாக அங்கே நடந்துவந்தது. பக்கத்துக் கரிசலூரிலும் இன்னும் இரண்டு ஊர்களிலும் அதே திட்டம்தான். குட்டை வெட்டிக் கொடுத்தார்கள், சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள், மண்புழு உரம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். உடைமுள் மட்டுமே விளைந்த உலகம்மாள் நிலத்தில் உளுந்து காய்பிடித்து நின்றது. இனி திட்டம் முடியப்போகிறது.

நிறைவு விழா வேலைகளைப் பார்க்க மெர்லின் மேடம் வந்தார். வேலைக்குப் புதுசு.

"உலகம்மா அக்கா, விழாவுக்கு ஒரு புத்தகம், ஒரு வீடியோ, ஒரு நன்றிப் பலகை வேணும். எந்த ஊர் நல்லா செய்யுதோ அந்த ஊருக்கு உளுந்து மிஷின் தர்றதா பணம் போட்டவங்க சொல்லிட்டாங்க."

மிஷின் என்றதும் உலகம்மாளின் வலது தோள் தானாக ஒரு விரற்கடை உயர்ந்தது.

மேடம் நிதானமாகச் சொன்னார். "பலகையை எல்லாரும் பாக்குற இடத்துல வைங்க. வீடியோவுல நீங்க பேசணும் அக்கா. வீட்டுல பேசுற மாதிரி இயல்பா பேசுங்க, யாரும் கேமராவைப் பாக்கக் கூடாது. புத்தகத்துக்கு ரெண்டு படம். முதல்ல, திட்டத்துக்கு முந்தி நிலம் எப்படி இருந்ததுன்னு ஒண்ணு. அடுத்தது, இப்ப எப்படி இருக்குன்னு ஒண்ணு. அதே இடம், அதே ஆள். நான் சொன்னபடியே செய்யுங்க, போதும்."

செவக்காட்டூரில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. மேடத்துக்குத் தெரியாது, பாவம்.

முதலில் பலகை. "திட்டம் இனிதே நிறைவுற்றது. அனைவருக்கும் நன்றி" என்று நன்றாகத்தான் எழுதி வாங்கினார்கள். எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. சங்கச் செயலாளர் மாடக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் பாக்குற இடம் எது? கோயிலா?"

"கோயில்ல கண்ணை மூடிக்கிட்டுல்லா நிக்காவ, அண்ணாச்சி" என்றான் சங்கிலி. உலகம்மாளின் கொழுந்தன். ஊரில் நல்ல கேமரா போன் அவனிடம்தான் இருந்தது.

"டீக்கடை?"

"அங்க டீயைப் பாக்காவ."

"பின்ன எல்லாரும் எதைத்தாம்ல பாக்காவ?"

உலகம்மாள் யோசித்துச் சொன்னாள். "பஸ்ஸை. விடிஞ்சதுல இருந்து ஊரே அதைத்தான பாத்துக்கிட்டு நிக்கி."

மினி பஸ்ஸின் நெற்றியில் பலகையைக் கட்டினார்கள். பஸ் புறப்பட்டுப் போயிற்று. வழியில் நின்றவர்கள் எல்லாரும் பலகையைப் படித்தார்கள். "சரி, பஸ்ஸை நிப்பாட்டிட்டான் போல. போறப்போ நன்றியாவது சொல்லுதானே" என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு டிரைவரும் கண்டக்டரும் மட்டும் டவுன்வரை காற்றாடப் போய்வந்தார்கள்.

அடுத்தது வீடியோ. உலகம்மாளை வாசலில் உட்காரவைத்தான் சங்கிலி.

"மயினி, கேமராவைப் பாக்காதீய."

"நான் பாக்கல. நீ பாக்கியே?"

சங்கிலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடம் 'யாரும்' என்றல்லவா சொன்னார்! உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு போனைப் பிடித்தான். உலகம்மாள் அம்மனை நினைத்துக்கொண்டு, வீட்டில் பேசுவது மாதிரியே பேசினாள்.

"ஏட்டி, சோத்தை மூடி வச்சியா? பூனை வந்து நிக்கி பாரு. அந்தப் பயல் குளிச்சானா? துண்டை எடுத்துக் கொடியில போடச் சொல்லு. எத்தனை தடவை சொல்லுதது, எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. கரண்டு பில்லு கட்டியாச்சா?"

இப்படி முழுசாகப் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது மாதிரி இருந்தது. பிறகு போட்டுப் பார்த்தால் படத்தில் ஓர் ஆடு நின்றது. ஆடு மட்டும் கேமராவை நேராகப் பார்த்தது.

"அதுக்கு யாரும் சொல்லலையே" என்று மாடக்கண்ணு ஆட்டை மன்னித்தார்.

கடைசியில் புத்தகப் படம். அங்கேதான் சிக்கல். திட்டத்துக்கு முந்தின நிலத்தை அப்போது ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை.

"எடுக்காட்டா என்ன, இப்ப எடுத்தாப் போச்சு" என்றார் மாடக்கண்ணு. "நிலம் அங்கனதான கெடக்கு? முந்தி என்ன இருந்துச்சு?"

"உடைமுள்ளு, அண்ணாச்சி."

"இப்ப என்ன இருக்கு?"

"உளுந்து."

"அதைப் பிடுங்கிட்டு இதை நடணும். அவ்வளவுதான?"

உலகம்மாள் வயலைத் திரும்பிப் பார்த்தாள். "காய் பிடிச்சிருக்கே அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள்ல பறிச்சிரலாமே."

"ஒனக்கு உளுந்து வேணுமா, உளுந்து உடைக்க மிஷின் வேணுமா? ஒண்ணு சொல்லு தாயி."

உலகம்மாள் தோளைத் தடவிப் பார்த்தாள். "மிஷின்தான்."

"அப்ப உளுந்தைப் பிடுங்கு."

பிடுங்கினார்கள். கண்மாய்க்கரையிலிருந்து உடைமுள் கன்றுகளை வேர்மண்ணோடு தோண்டி வந்து, கயிறு பிடித்து, வரிசை தப்பாமல் நட்டார்கள். ஊர் முழுக்கக் கையில் முள் குத்தியது. இரண்டே நாளில் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன.

"இது தப்பு" என்றான் சங்கிலி. "முந்தி வாடியா நின்னுச்சு? என்ன செழிப்பா நின்னுச்சு!"

ஆகவே ஒவ்வொரு முள்ளின் காலடிக்கும் சொட்டுநீர்க் குழாயை இழுத்தார்கள். மண்புழு உரத்தைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். இடையில் தப்பித்தவறி முளைத்த நாலைந்து உளுந்துச் செடியைக் களை என்று பிடுங்கி வரப்பில் எறிந்தார்கள். உலகம்மாள் காலையும் மாலையும் வந்து, "அம்மா தாயே, முள்ளைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டாள். அம்மனும் இப்படியொரு வேண்டுதலைக் கேட்டதில்லைபோல. முள் தளதளவென்று கிளம்பியது.

"குட்டையை என்ன செய்ய? முந்தி அது கெடையாதே" என்று ஒரு கேள்வி வந்தது.

"மூடிட்டா முள்ளுக்குத் தண்ணி?"

"அப்ப ஆம்பளைகளை வரிசையா நிக்க வச்சு மறைச்சிருவோம்."

உலகம்மாள் சந்தேகப்பட்டாள். "முந்தி ஆம்பளைக இப்படி வயக்காட்டுல வந்து நின்னாவளா?"

ஆம்பளைகள் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"மாட்டை நிறுத்துவோம்" என்றார் மாடக்கண்ணு.

நிலம் தயாராயிற்று. அதே ஆள் வேண்டுமே! முந்தி உலகம்மாள் கட்டியிருந்தது சாயம்போன ஒரு பச்சைச் சேலை. அதைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டிருந்தாள். அந்த வாளியைத் தேடி எடுத்துவந்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சேலை எங்க மயினி?"

"இதுதாம்ல அந்தச் சேலை. இப்ப இப்படி இருக்கு."

"சரி. முகம் வாட்டமா இருக்கணும். முந்தி அப்படித்தான் இருந்தீய."

உலகம்மாள் வரப்பைப் பார்த்தாள். பிடுங்கிப் போட்ட உளுந்து காய்ந்து கிடந்தது. முகம் அதுபாட்டுக்கு வாடியது. உதடு துடித்தது. சங்கிலி எடுத்த படங்களிலேயே அதுதான் படம். பார்த்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அப்படியே திட்டத்துக்கு முந்தி மாதிரியே இருக்கு" என்று மெச்சினார்கள்.

"இனி இப்ப உள்ளதை எடுப்போம்" என்று சங்கிலி மறுபடி போனைத் தூக்கினான். தூக்கியவன் இறக்கினான்.

"மயினி, இப்ப உள்ளதும் இதுதான?"

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். மாடும் திரும்பிப் பார்த்தது.

"உளுந்து நின்னப்பவே அதை எடுத்திருக்கலாமோ?" என்றாள் உலகம்மாள் மெல்ல.

மாடக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. "மேடம் என்ன சொன்னாவ? முதல்ல முந்தினது, அடுத்தது இப்ப உள்ளது. நீ பாட்டுக்கு முன்னக்கூட்டி எடுத்து வச்சா வரிசை என்னத்துக்கு ஆவும்?"

நியாயம்தான். அதே இடத்தில் இரண்டாவது படத்தையும் எடுத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டாவதில் மாடு ஓரடி முன்னால் வந்திருந்தது. "முன்னேற்றம்தான்" என்று எழுதிக்கொண்டார் செயலாளர்.

மெர்லின் மேடம் வந்தார். நிலத்தைப் பார்த்தார். சொட்டுநீரில் குளித்துக்கொண்டிருந்த முள்ளைப் பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, உளுந்து எங்க?"

"அது பின்னால உள்ளதுல்லா மேடம்? இது முந்தினது."

"எங்க அக்கா போச்சு எல்லாம்?"

"நீங்க சொன்னபடியேதான் மேடம் செஞ்சோம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேடம் பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். மிஷின் போயிற்று என்று உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தோள் பழையபடி இறங்கிவிட்டது. அம்மனை நினைத்துக் கும்பிடக் கையைத் தூக்கினால் வலது கை இடுப்போடு நின்றது. அதைப் பார்த்ததும் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. தன் போனைத் தடவிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். முதல் தடவை வந்தபோது அந்த நிலத்து ஓரத்தில் நின்று தன்னையே ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். படத்தில் பாதி மேடத்தின் கன்னம். மீதிப் பாதியில் பச்சைப் பசேலென்று உளுந்து. பின்னால் பல்லெல்லாம் தெரிய உலகம்மாள்.

அந்தப் படமும் முள் படமும் புத்தகத்தில் ஏறின. வீடியோவை மேடம் யாருக்கும் காட்டவில்லை.

விழாவில் நான்கு ஊர்ப் புத்தகங்களையும் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். மற்ற ஊர்களிலும் பழைய படம் கிடையாது. செல்போனில் தேடி எங்கிருந்தோ எடுத்த பாலைவனத்தைப் போட்டிருந்தார்கள். கரிசலூர்ப் படத்தில் ஒட்டகம் நின்றது. பணம் போட்ட பெரியவர் செவக்காட்டூர்ப் படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்த அம்மா முகத்தைப் பாருங்க. என்ன துக்கம்! இதை யாராலும் நடிச்சுக் காட்ட முடியாது" என்றார்.

அது உண்மைதான். மிஷின் செவக்காட்டூருக்கே என்று ஆயிற்று.

மிஷின் வருகிற அன்று தெருவெல்லாம் கோலம். உலகம்மாள் தலைக்குக் குளித்து, ஆரத்தித் தட்டோடு ஊர் எல்லையில் நின்றாள். காலையிலேயே மெர்லின் மேடம் போனில் சொல்லியிருந்தார். "அக்கா, இந்தத் தடவையாவது மறக்காதீங்க. மிஷின் வர்றதுக்கு முந்தி ஒரு படம், வந்த பிறகு ஒரு படம்."

லாரி எல்லைக்குள் மூக்கை நுழைத்ததும் உலகம்மாள் தட்டோடு குறுக்கே பாய்ந்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இன்னும் முந்தின படம் எடுக்கலை!"

"எடுத்துக்கோங்கம்மா, நான் இறக்கிட்டுப் போயிருதேன்" என்றார் டிரைவர்.

"மிஷின் ஊருக்குள்ள வந்துட்டா அது எப்படி மிஷின் இல்லாத ஊரு ஆவும்? எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க அண்ணாச்சி."

டிரைவர் அவளை ஒருதரம் பார்த்தார். மாடக்கண்ணுவைப் பார்த்தார். லாரியைப் பின்னால் எடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கரிசலூர்.

ஊர்ப் பெண்கள் எல்லாரும் திருகையோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். படம் லேசில் அமையவில்லை. மிஷின் வந்த சந்தோஷத்தில் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள். "சிரிக்காதீயட்டி! நமக்குத்தான் மிஷின் இல்லையே!" என்று உலகம்மாள் அதட்டுவாள். அந்த அதட்டலில் இன்னொருத்திக்குச் சிரிப்பு வரும். வெயில் தாழ்ந்து, பசி எடுத்து, எல்லா முகமும் ஒருசேர வாடியபோதுதான் படம் சரியாக விழுந்தது. முள் படத்தைவிட அருமையான படம்.

"இனி லாரியைக் கூப்பிடுல" என்றாள் உலகம்மாள்.

ஓடிப்போன சங்கிலி வெறுங்கையோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கரிசலூர்ப் பக்கமிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது.

"மயினி! டிரைவர் காத்துப் பாத்துட்டு, இது யாருக்குன்னு அங்கன கேட்டிருக்காரு. எங்களுக்குத்தான்னு சொல்லி இறக்கி, ஓட்டவும் ஆரம்பிச்சிட்டானுவ!"

உலகம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "முந்தின படம் எடுத்தானுவளா?"

"எங்க எடுத்தானுவ? லாரியில இருந்து நேரே இறக்கிட்டானுவ."

"அய்யோ பாவமே!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவசரக்காரப் பயலுவ. நாளைக்கு மேடம் வந்து கேட்டா என்னத்தைக் காட்டுவானுவ? மறுபடியும் ஒட்டகத்துக்கு எங்க போவானுவ? ஏல சங்கிலி, நம்ம படத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வால."

"குடுத்துட்டா நமக்கு, மயினி?"

"நமக்கென்னல?" என்றாள் உலகம்மாள், திருகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நமக்குத்தான் மிஷின் இல்லையே. முந்தின படத்தை நாம எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."