என்ஜினுக்குப் பூசின துன்னூறு

"தாயி, வண்டி செத்துப்போச்சு."

சடச்சித் தாயி அரிசியில கல்லு பொறுக்குறத நிறுத்தல.

"காலைல கூட இருமிக்கிட்டு இருந்துச்சே."

மலையடிவாரத்துல இருக்குற சின்ன மடம் அது. தாயிதான் குரு. சீடன் ஒச்சப்பன் குருவுக்கே அண்ணன் வயசு. தாடி நரைச்சுப்போச்சு. மத்த சீடருங்க கண்ண மூடிக்கிட்டுப் போயிருவாங்க, எங்கயோ. இவன் கண்ணத் தொறந்துக்கிட்டு மடத்துப் பழைய கார ஓட்டுவான். மலையில புள்ளத்தாச்சிக்கு வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு எறக்கிட்டு வர்றது அந்த வண்டிதான்.

"ஆயில் ஒழுகுது தாயி. நிறுத்துன எடமெல்லாம் கொளம். எருமை வந்து படுக்காததுதான் கொற."

"அடைக்க வேண்டியதுதான?"

"அடியில பேக்கிங் மாத்தினேன். மறுபடியும் மாத்தினேன். டவுன் மெக்கானிக், என்ஜினையே எறக்கணும், அதுக்குப் பேசாம எடைக்குப் போட்டுருன்னுட்டாரு. இரும்பு யாவாரிய வரச் சொல்லிட்டேன். சாயங்காலம் லாரியோட வர்றாரு."

தாயி அப்பதான் நிமிந்தாங்க. ஒச்சப்பன் கையில மஞ்சப்பை.

"பை எதுக்கு?"

"காரு இல்லாத டிரைவருக்கு மடத்துல என்ன தாயி வேல? ஊருக்குப் போறேன்."

"மத்தவங்க மாதிரி உக்காந்து கண்ண மூடு."

"மூடிப் பாத்தேன். என் கொறட்டையில பக்கத்துல இருந்தவங்க ஞானத்த பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

தாயிக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டாங்க.

"குளிப்பாட்டுனியா?"

"யார?"

"வண்டிய."

"தெனம் கழுவுறேனே! மேல மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம்."

"பானெட்டுக்குள்ள?"

"அதுக்குள்ள யாரு தாயி பாக்கப்போறா?"

"பொணமோ மாப்பிள்ளையோ, மொதல்ல குளிப்பாட்டணும் ஒச்சப்பா."

மண்ணெண்ணெய் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும் கைக்கு வந்துச்சு.

ஒச்சப்பன் தேச்சான். அழுக்கு அப்பம் அப்பமா உதுந்துச்சு. தேச்சுத் தேச்சு, வெயில் ஏறுன நேரத்துல ஒரு சத்தம் போட்டான்.

"அடேய்! இதுக்கு நெறம் இருக்கு!"

தொடச்சு வெயில்ல காய விட்டான்.

தாயி நெத்தியில பூசிவிடுற துன்னூத்துத் தட்டோட வந்தாங்க. ஒச்சப்பன் பழக்கதோஷத்துல கையக் கட்டிக் குனிஞ்சான்.

"நீ ஏன் குனியுற? ஒனக்கில்ல."

ஒரு கை அள்ளி என்ஜின்ல தூவுனாங்க. மேல, பக்கத்துல, சந்துல, இடுக்குல. என்ஜின் பழனி ஆண்டி மாதிரி ஆயிருச்சு.

ஒச்சப்பனுக்குப் புரிஞ்சுபோச்சு. அதாவது, புரிஞ்சதா நெனச்சுக்கிட்டான். ஓன்னு அழுக ஆரம்பிச்சான். அழுதது தாடி நுனியில சொட்டுச்சு.

"பால் ஊத்தவா தாயி?"

"பெட்ரோல ஊத்து. ஊத்திட்டு, கம்மாக்கரை வரைக்கும் போயிட்டு வா."

"கடைசி ஊர்வலமா?"

"போய்யா!"

போயிட்டு வந்தான். வந்ததும் வராததுமா துண்ட விரிச்சு வண்டிக்கு அடியில படுத்தான்.

"சொட்டுது தாயி! நான் சொல்லல? இங்கதான்! இங்கயேதான்!"

தாயி அவன் காலப் புடிச்சு இழுத்தாங்க.

"எந்திரி."

"சொட்டுறது கீழதான தாயி?"

"அப்ப அழுதியே, எங்க சொட்டுச்சு?"

"தாடியில."

"ஒன் தாடியிலயா ஊத்து இருக்கு?"

ஒச்சப்பன் படுத்தபடியே தாடியத் தடவிப் பாத்தான். மெதுவா எந்திரிச்சான். பானெட்டத் தொறந்தான்.

வெள்ளையா இருந்த என்ஜின்ல கறுப்பா ஒரே ஒரு கோடு. ஈரமா.

கீழ வெரல வச்சான். கோட்டப் புடிச்சு மேல போனான். வளைஞ்சுச்சு, வளைஞ்சான். ஒரு போல்ட்ட சுத்திப் போச்சு, சுத்துனான். மேல, இன்னும் மேல. என்ஜின் உச்சந்தலையில வெரல் நின்னுச்சு.

ஆயில் ஊத்துற மூடி.

திருகிக் கழட்டுனான். உள்ள இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் கையோட வந்துச்சு, ரெண்டு துண்டா, காஞ்ச வத்தல் மாதிரி.

"தாயி..."

"ம்."

"தெனம் விடிஞ்சதும் இதத்தான் தொறக்குறேன். இதுல ஊத்திட்டு, கீழ போய்ப் படுத்துத் தேடுறேன்."

"ம்."

"என்ஜின எறக்க வேணாம் தாயி!"

"ம்."

"வண்டி சாகல தாயி!"

"அது எப்பய்யா செத்துச்சு?"

ஒச்சப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து மூக்குல முட்டிக்கிச்சு. மூடி வாய்க்குத் துணியச் சுத்திட்டு, சைக்கிள எடுத்து டவுனுக்கு ஓடுனான். வாஷர் வந்துச்சு. மூடி இறுகுச்சு. மறுபடி தொடச்சு, மறுபடி தூவி, மறுபடி கம்மாக்கரை. திரும்பி வந்து பாத்தா, பூசுன துன்னூறு பூசுனபடி இருந்துச்சு. ஈரம் ஒரு பொட்டு இல்ல.

இரும்பு யாவாரி லாரியோட வந்தாரு. ஒச்சப்பன் ஆரனப் போட்டு அமுக்குனான். மனுசன் காதப் பொத்திக்கிட்டு, ரெண்டு சொம்பு மோரு குடிச்சுட்டு, வெறும் லாரியோட போயிட்டாரு.

விளக்கு வச்சாங்க. தாயி தட்டோட சீடருங்க வரிசையில வந்தாங்க. கடைசியில ஒச்சப்பன். மொகமெல்லாம் ஆயில். பழக்கதோஷத்துல குனிஞ்சான்.

"இப்ப ஒனக்குத்தான்," அப்படின்னு தாயி கையத் தூக்குனாங்க.

ஒச்சப்பன் வெடுக்குன்னு நிமிந்தான். ஒரு எட்டு பின்னாடி வச்சான். தட்டுல இருக்குற துன்னூத்தப் பாத்தான். தூரத்துல, தொறந்த பானெட்டுக்குள்ள வெள்ளையா நிக்கிற என்ஜினப் பாத்தான்.

"கொஞ்சம் இருங்க தாயி."

மஞ்சப்பையத் தலகீழாக் கொட்டி, உள்ள இருந்த துண்ட உருவித் தோள்ல போட்டான்.

"குளிச்சுட்டு வந்துர்றேன்."