அரைச் சுற்று

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகும் சாலையில் கோகிலவாணியின் பட்டறை இருந்தது. லாரி எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்ப்பை மட்டும்தான் அங்கே பார்ப்பார்கள். திம்பம் மலை ஏறுகிற வண்டிக்காரர்கள், இழுவை போதவில்லை என்று அங்கே வந்து நிற்பார்கள். கோகிலவாணிக்கு நாற்பத்தோரு வயது. ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் இரண்டு பேர் தொழில் கற்றார்கள்.

மூத்தவன் நாச்சிமுத்து. நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் எஞ்சின் பிரித்துச் சேர்த்தவன். பம்ப் மட்டும் தனக்குப் பிடிபடவில்லை என்று ஆறு வருடம் முன்பு வந்து சேர்ந்தான். தன்னைவிட வயதில் இளைய பெண்ணிடம் கற்றுக்கொள்வதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை. அவன் மனதில் குடைச்சல் புகுந்தது இன்னாசி வந்த பிறகுதான்.

இன்னாசி பதினைந்து வருடம் திம்பம் மலையில் லாரி ஓட்டியவன். முதுகுத்தண்டு கெட்டுப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பட்டறைக்கு வந்தான். வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வண்டிக்காரர்கள் வாசலில் இறங்கும்போதே, "இன்னாசி இருக்காருங்களா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒருமுறை இன்னாசி பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டு வந்தவரிடம் நாச்சிமுத்து, "இல்லீங்க, இன்னைக்கு வரலை" என்று சொல்லி அனுப்பிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே முகம் சுட்டது. ஆனாலும் வந்தவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மாஸ்டர் இன்னாசியிடம் எத்தனை வார்த்தை பேசுகிறார், தன்னிடம் எத்தனை பேசுகிறார் என்று அவன் கணக்குப் பார்த்தான். மத்தியானச் சாப்பாட்டில் ஊறுகாய் முதலில் யார் பக்கம் நகர்கிறது என்று பார்த்தான். எல்லாவற்றையும்விட, இன்னாசியின் கையைப் பார்த்தான். பம்ப்பின் பின்னால் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் டீசல் கூடும், டீசல் கூடினால் இழுவை கூடும். அதில் இன்னாசி எவ்வளவு திருகுகிறான், ஸ்க்ரூடிரைவரை எப்படிப் பிடிக்கிறான் என்பதையெல்லாம் தன் பெஞ்சில் வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டே அளந்து வைத்தான். பெரும்பாலும் கால் சுற்று. சில வண்டிகளுக்கு அதுவும் இல்லை.

தானும் கால் சுற்றுதான் வைக்கிறான். ஆனால் மலையில் பேர் வாங்குவது இன்னாசியின் வண்டி. அப்படியானால் மாஸ்டர் அவனுக்கு மட்டும் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாச்சிமுத்துவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் இன்னாசி வெளியே போயிருந்தபோது கேட்டுவிட்டான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"இன்னாசிக்குச் சொல்லிக் குடுத்ததுல, எனக்குச் சொல்லாதது என்னங்க?"

மாஸ்டர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு மல்லப்பா வண்டி வருதுங்ணா. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நீங்களே பாருங்க. உங்க சீல்லயே போகட்டும்."

வேலை முடிந்த பம்ப்பில் மாஸ்டரின் ஈய முத்திரையைத்தான் இத்தனை நாளும் அழுத்தியிருந்தார்கள். தன் பேரில் முத்திரை என்றதும் நாச்சிமுத்து கேட்ட கேள்வியை மறந்துவிட்டான்.

மல்லப்பா தாளவாடிக்காரன். மலை மேலே சிமென்ட் ஏற்றிப்போய், கீழே முட்டைக்கோஸ் இறக்குவான். அந்த ஒரு வண்டியை வைத்துத்தான் அவன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஓடின. போன வருடம்தான் எஞ்சினைப் புதிதாகக் கட்டியிருந்தான். இன்னும் கொஞ்சம் இழுவை கிடைத்தால் ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம் என்றான்.

நாச்சிமுத்து பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினான். ஆறு சிலிண்டருக்குப் போகும் டீசலும் ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஏறி நின்றது. ஆறும் ஒரே மட்டம் வரும்வரை பொறுமையாகச் சரிசெய்தான். அந்த வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு திருகை அவன் தொடவில்லை. அதைத் தொடக்கூடாது என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

கடைசியாக டீசல் திருகுக்கு வந்தான். கால் சுற்று திருகினான். கை நின்றது. எதிர்ப் பெஞ்சில் இன்னாசி இன்னொரு தாளவாடி வண்டியின் பம்ப்பை முடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வண்டியும் ஒரே காலையில்தான் கிளம்பப்போகின்றன. நாச்சிமுத்து இன்னொரு கால் சுற்று திருகினான்.

ஆறு குழாயிலும் டீசல் ஒன்றுபோல உயர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாஸ்டர் வந்து குழாய்களைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டியப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

அவன் பார்க்கவில்லை. வண்டி வெளியே புளியமரத்தடியில் அவன் பம்ப்பைக் கழற்றிய நிலையிலேயே நின்றது.

இழுவை கூட்டிய எந்த வண்டியையும் மலையில் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைப்பதில்லை என்பது பட்டறை வழக்கம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் அறுநூற்றைம்பது டிகிரியில் மாஸ்டர் சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஏற்றத்தில் முள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

மறுநாள் காலை இன்னாசி தான் வேலை பார்த்த தாளவாடி வண்டியில் ஒரு மீட்டரோடு ஏறிக்கொண்டு முன்னால் போனான். மாஸ்டர் மல்லப்பாவின் வண்டியில் ஏறினார். தன் வேலையைப் பார்க்க மாஸ்டரே வருகிறார் என்று நாச்சிமுத்துவுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பண்ணாரி சோதனைச் சாவடி தாண்டுவதற்குள் அந்தப் பெருமை மாறிவிட்டது. இன்னாசியைத் தனியாக அனுப்பினாரே, அவனை நம்புகிறார், என்னை நம்பவில்லை என்று தோன்றியது. இடதுபுற ஜன்னலோரம், மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முந்நூறு மூட்டை சிமென்ட்டோடு வண்டி ஏறத் தொடங்கியது. மல்லப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. முன்பு இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறிய இடங்களில் வண்டி மூன்றாவதில் போனது.

ஒவ்வொரு வளைவுக்கும் மாஸ்டர், "எவ்வளவுங்ணா?" என்று கேட்டார். நாச்சிமுத்து பார்த்துச் சொன்னான். நானூற்று எண்பது. ஐந்நூற்று அறுபது. அறுநூற்றுப் பத்து.

எட்டாவது கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் இன்னாசியின் வண்டி கண்ணில் பட்டது. சீரான வேகத்தில், புகையே தெரியாமல், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சாலை கொஞ்சம் நீண்டு அகன்ற இடத்தில் அந்த டிரைவர் கை காட்டி வழிவிட்டார். மல்லப்பா மிதித்தான். வண்டி உறுமிக்கொண்டு முந்தியது. முந்தும்போது இன்னாசி அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்தினான். நாச்சிமுத்து கையை உயர்த்தவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். இன்னாசியின் வண்டி சிறுத்துக்கொண்டே போனது. இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. மல்லப்பாவின் வண்டி கக்கிய கரும்புகை பின்னால் வந்த வண்டியின் முகத்தை மூடியது. அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

"எவ்வளவுங்ணா?"

அவன் காதில் விழவில்லை.

"நாச்சிமுத்தண்ணா, எவ்வளவு?"

"அறுநூறுங்க" என்றான், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் எட்டி அவன் மடியைப் பார்த்தார். முள் எழுநூற்று இருபதில் நின்றது.

"மல்லப்பா, காலை எடுங்க. ஓரங்கட்டுங்க."

வண்டி நின்றது. மல்லப்பா சாவியை நோக்கிக் கை நீட்டினான். அணைக்க வேண்டாம், சூடு தணியும்வரை சும்மா ஓடட்டும் என்று மாஸ்டர் தடுத்தார். முள் மெதுவாக இறங்கியது. சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட அந்தச் சூட்டு வாடைக்குத் தள்ளிப் போயின.

"எஞ்சின் போயிருச்சுங்களா?" என்றான் மல்லப்பா.

"போகலை. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா பிஸ்டன் உருகியிருக்கும்."

அதை மாஸ்டர் நாச்சிமுத்துவைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் இன்னாசியின் வண்டி அதே வேகத்தில் ஏறி வந்தது. போய்விடட்டும், நிற்காமல் போய்விடட்டும் என்று நாச்சிமுத்து மனதுக்குள் வேண்டிக்கொண்டான். வண்டி கொஞ்சம் முன்னால் போய் ஓரமாக நின்றது. இன்னாசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

மாஸ்டரிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. நேரே நாச்சிமுத்துவிடம் வந்து, "நான் பாக்கட்டுங்ளாண்ணா?" என்றான்.

நாச்சிமுத்து வேறு பக்கம் பார்த்தான்.

எஞ்சின் ஆறியதும் அணைத்தார்கள். இன்னாசி பம்ப் பக்கமே போகவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் ஃபில்டரைத் திறந்தான். உள்ளே சிமென்ட் தூசி மாவு மாதிரி அப்பிக் கிடந்தது. கையால் தட்டித் தட்டி உதறினான். பிறகு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து, காற்று கசிந்த இடம் எண்ணெய்க் கறுப்பாக இருந்தது. ஸ்பேனரைக் கேட்டு வாங்கி இறுக்கினான்.

"உங்க பம்ப்ல குறை இல்லீங்ணா. ஆறும் ஒரே சீராத்தான் அடிக்குது. காத்துதான் பத்தலை. இப்ப ஒரு கால் சுத்து குறைச்சாப் போதும், தாங்கும்."

கேலி செய்திருந்தால் பதிலுக்குக் கேலி செய்திருக்கலாம். மாஸ்டர் காதில் விழும்படி குத்திக் காட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருக்கலாம். இன்னாசி கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நேரத்தில் நாச்சிமுத்து அவனை முன்னெப்போதையும்விட அதிகமாக வெறுத்தான்.

பிறகு தன் முத்திரையைத் தானே உடைத்து, திருகைக் கால் சுற்று பின்னால் எடுத்தான். இரண்டு முறை ஸ்க்ரூடிரைவர் நழுவியது.

மிச்ச வளைவுகளில் அவன் மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் அறுநூற்று இருபதைத் தாண்டவில்லை. புகை மெலிந்துவிட்டது. அவர்கள் யாரையும் முந்தவில்லை. ஆனாலும் முன்பைவிட நன்றாகவே இழுக்கிறது என்று மல்லப்பா சொன்னான். சொல்லிவிட்டு, ஃபில்டரை இனி வாரம் ஒரு தடவை தட்டுகிறேன் என்று மாஸ்டரிடம் ஒப்புக்கொண்டான்.

திம்பம் உச்சியில் டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். மல்லப்பா டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனான். கடை வாசலில் மாஸ்டரும் நாச்சிமுத்துவும் மட்டும் நின்றார்கள். குளிர்காற்று வீசியது.

நாச்சிமுத்து டீயை வாங்கினான். குடிக்காமலே சொன்னான்.

"வண்டியப் பாத்தேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னனுங்க."

"தெரியும்ங்ணா."

"பம்ப்ல கை வைக்கறதுக்கு முன்னால காத்து வர்ற வழியப் பாக்கணும்னு இன்னாசிக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்கு எதுக்குங்க சொல்லலை? ஆறு வருஷம் கூடவே இருக்கறனே."

மாஸ்டர் கிளாஸைப் பலகையில் வைத்தார்.

"அது நான் சொல்லிக் குடுத்தது இல்லீங்ணா. அவர் வந்த மொத வாரம் நீங்க ஒரு டிரைவரைத் திட்டிட்டு இருந்தீங்க. காத்து எவ்வளவு போகுதுன்னு பாக்காம டீசலைக் கூட்டு கூட்டுங்கறயே, எஞ்சின் என்னத்துக்காகும்னு. அவர் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தார். அன்னைக்கு இருந்து எந்த வண்டி வந்தாலும் மொதல்ல அதைத்தான் பாக்கறார். ஏன்னு ஒருக்கா நானே கேட்டேன். நாச்சிமுத்தண்ணன் சொன்னதுன்னார்."