வாகை மரத்தைத் தட்டிப் பார்த்த திருமேனியார்

மருதங்காட்டில் தழைகாத்த நாதர் கோயில் கொண்டிருக்கிறார். அந்த ஊரில் வீட்டு மரங்களை வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவர் திருமேனியார். விடியும் முன்னே எழுந்து வாய்க்காலில் குளித்து, துரட்டியால் ஒரு கூடை வில்வம் பறித்துச் சன்னதியில் வைப்பார். அதன் பிறகே தோளில் கயிறும் கையில் கோடாலியுமாக வேலைக்குக் கிளம்புவார். இருபது வருடங்களில் ஒரு நாள்கூட அந்தக் கூடை தவறியதில்லை.

மரத்துக்கு அவர் விலை சொல்லும் விதமே தனி. முதலில் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விழுந்தால் அடியில் என்ன இருக்கிறது, ஓட்டு வீடா, கிணறா, கரண்டுக் கம்பியா என்று பார்ப்பார். பிறகு 'சிவாயநம' என்று சொல்லிக் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தை மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே திடமான மரம் என்றால் இரண்டு ஆள் கூலி. பொந்து விழுந்த மரம் என்றால் கிரேன் வேண்டும், செலவு மும்மடங்கு. பொந்து மரத்தில் ஆளை ஏற்றுவது அவனைக் கொல்வதற்குச் சமம். சொன்ன விலையை அவர் பிறகு ஏற்றவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த ஓசையைக் கேட்கும் காது நாதர் தமக்குப் போட்ட பிச்சை என்று நம்பினார். விலை சொல்வதற்கு இவ்வளவு பூசையா என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

அவருக்குக் கீழே நின்று கயிறு பிடித்தவன் ஆவுடையப்பன். பதினெட்டு வருடமாகத் திருமேனியாரின் உயிர் அவன் கையில்தான் இருந்தது. இவனுக்கு மரியாதை விகுதி போட எனக்குக் கை வரவில்லை. அடியார்கள் பொறுத்தருள வேண்டும்.

சபாபதி என்றொரு வீட்டுக்காரர் இருந்தார். அவர் மாடியை ஒட்டிப் பெரிய வாகை ஒன்று சாய்ந்து நின்றது. வெளியூர் மரம்வெட்டிகள் வந்து பார்த்து, அடிமரம் பொந்து, கிரேன் இல்லாமல் ஆகாது என்று சொல்லிப் போயிருந்தார்கள். சபாபதிக்கு அந்தச் செலவு கசந்தது. ஆவுடையப்பனைத் தனியே அழைத்துக் கையில் காசு வைத்தார். அண்ணாச்சி தட்டித்தான் விலை சொல்வார், அவர் காதை மூடிவிட்டால் போதும் என்று யோசனை சொன்னவன் அவனே. இரண்டு பேருமாகப் பொந்துக்குள் உடைந்த செங்கலும் ஈரக் களிமண்ணும் அடைத்தார்கள். பொந்தின் வாயில் மரப்பட்டையைப் பொருத்தி, சேறு பூசி, காய விட்டார்கள்.

மறுவாரம் திருமேனியார் வந்து மரத்தைச் சுற்றினார், தட்டினார், காதை வைத்தார். ஒரு கணம் தயங்கினார். மறுபடி தட்டினார். பிறகு திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"வைரம் பாய்ஞ்ச மரம் அண்ணாச்சி. யோசிக்காம விலையச் சொல்லுங்க" என்றான் அவன்.

திருமேனியார் இரண்டு ஆள் கூலி சொன்னார்.

மரத்தில் பாதி உயரம் ஏறி முதல் கிளையை வெட்டியபோது அடியில் முறியும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். மரத்தோடு அவரும் மதில்மேல் சாய்ந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. வலியில் கண் இருட்டும் முன்பு, பிளந்த அடிமரத்திலிருந்து செங்கல் துண்டுகள் உதிர்வதைக் கண்டார். பட்டையை உள்ளிருந்து இழுத்துக் கட்டிய கயிற்றையும் கண்டார். அதில் இருந்தது ஆவுடையப்பன் போடும் இரட்டை முடிச்சு. தமது இடுப்பில் அவன் தினமும் போட்டு இறுக்கிய அதே முடிச்சு.

"நீயாடே?" என்று மட்டும் கேட்டார். எட்டப் போய் நின்ற அவன், பக்கத்தில் நின்ற சபாபதியின் முகத்தைப் பார்த்தான்.

அன்று மாலைக்குள் செங்கல்லும் கயிறும் போன இடம் தெரியவில்லை. திருமேனிக்குக் காது போய்விட்டது, நல்ல மரம் எது கெட்ட மரம் எது என்றே தெரியவில்லை என்று ஆவுடையப்பன் டீக்கடையில் சொன்னான். ஊர் நம்பியது. வீட்டுக்காரர்கள் அவனையே விலை பேச அழைத்தார்கள். திருமேனியார் உண்மையைச் சொன்னபோது, விழுந்தவன் வேறென்ன சொல்வான் என்றார்கள்.

கால் எலும்பு கூடியும் விந்தி நடப்பது நிற்கவில்லை. ஊன்றுகோலோடு வில்வக் கூடையை மட்டும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒருநாள் சன்னதியில் நின்று வாய்விட்டே கேட்டார்.

"மனுசன் ஏமாத்துனான், போகட்டும். நீரு குடுத்த காது ஏன் சாமி என்னை ஏமாத்துச்சு?"

அழுதார். மறுநாளும் கூடையோடு வந்தார்.

சில நாள் கழித்து, நடுப்பகலில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அவர் குடிசை வாசலில் வந்து நின்றார். தம் வீட்டு மரத்துக்கு விலை சொல்ல வேண்டும் என்றார். தமக்கு இப்போது காது சரியில்லை, ஆவுடையப்பனிடம் போகலாம் என்றார் திருமேனியார்.

பெரியவர் நகரவில்லை. "அன்னைக்கு வாகையத் தட்டுனியே, அது என்னடே சொல்லிச்சு?"

திருமேனியாருக்கு அந்த ஓசை மறுபடி காதில் விழுந்தது. "கணீர்னு இல்ல. ஈரமா, அடைச்சாப்புல கேட்டுச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. அவன் நல்ல மரம்னான். நான் மரத்த விட்டுட்டு அவனக் கேட்டேன்."

"அப்போ மரமும் பொய் சொல்லல, காதும் பொய் சொல்லல" என்றார் பெரியவர். "என் வீட்டுல ஒரு இலுப்பை நிக்கி. மேற்குப் பக்கம், ரெண்டு முழ உயரத்துல, உள்ளுக்குள்ள பொந்து. வெளிய தெரியாது. விலை பேசுததுக்கு முந்தி அத நானே சொல்லிப்புடுதேன். தேர்வீதிக் கடைசி வீடு, கிழக்குப் பாத்த வாசல். வந்து பாரு."

மறுநாள் திருமேனியார், அங்கே ஏது வீடு என்று குழம்பியபடியே தேர்வீதியின் கடைசிவரை விந்தி விந்தி நடந்தார். அங்கே வீடு எதுவும் இல்லை. கிழக்கு பார்த்த கோயில் வாசல்தான் இருந்தது. குருக்களிடம் கேட்டார். அப்படி ஒரு பெரியவர் இங்கே யாரும் இல்லையே என்றார் அவர். ஆனால் கருவறைக்குப் பின்னால் தலவிருட்சமான இலுப்பை விமானத்தின்மேல் சாய்ந்து நின்றது. விலை பேசாத மரம் என்பதால் திருமேனியார் அதைத் தட்டியதே இல்லை.

பெரியவர் சொன்னதைக் கேள்விப்பட்டுக் கூட்டம் கூடிவிட்டது. ஆவுடையப்பனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். திருமேனியார் நாதர் பேரைச் சொல்லி, மேற்குப் பக்கம், இரண்டு முழ உயரத்தில் தட்டினார். பானையைத் தட்டியதுபோல் கேட்டது. தச்சர் ஒருவர் துளையிட்டுப் பார்த்தார். துரப்பணம் நான்கு விரல் ஆழத்தில் வெற்றிடத்தில் விழுந்தது. அடுத்த காற்றுக்கு மரம் விமானத்தின்மேல் விழுந்திருக்கும் என்றார் தச்சர். திருமேனியார் காதைப் பற்றிப் பேசியவர்கள் கூட்டத்துக்குள் பின்வாங்கினார்கள்.

வெட்ட வேண்டாம், பாரக் கிளைகளை இறக்கிக் கல்தூண் முட்டுக் கொடுத்தால் மரம் நிற்கும் என்றார் திருமேனியார். குருக்கள் விலை கேட்டார்.

"இத்தனை வருசத்துல, பொந்து இருக்குன்னு தானா வந்து சொன்ன வீட்டுக்காரர் இவரு ஒருத்தர்தான்" என்றார் திருமேனியார். கண்ணீர் தாடியில் இறங்கியது. "அவருகிட்ட விலையா கேப்பேன்?"

குருக்கள் சுவாமி மேலிருந்த பட்டுத் துணியை எடுத்து வந்து அவர் தலையில் கட்டினார். கிளை இறக்க இளைஞர்கள் ஏறினார்கள். கயிறு பிடிக்க ஆவுடையப்பன் தானாகவே முன்னால் வந்து நின்றான். திருமேனியார் அவன் கையைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் குருக்களிடம் கொடுத்தார். அதில் குற்றம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மனிதர் அடைத்ததை நாதர் வந்து திறந்து காட்டினார். அப்படித் திறந்து காட்டத் தக்க காதை உடையவராக இருந்த திருமேனியாரின் விந்திய பாதங்களை வணங்குகிறோம்.