ஏழு தாம்பாளத் தண்ணீர்

செங்கோடர் எண்ணினால் அந்த எண்ணில் பிழை இருக்காது. மடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். பந்திக்கு எத்தனை இலை நறுக்க வேண்டும் என்று சமையற்காரர் அவரைத்தான் கேட்பார். அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு "நூற்றுப் பதினேழு" என்பார். நூற்றுப் பதினேழு பேர்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அறுபத்தொரு வயதில் மடத்துக்கு வந்து சீடரானவர் அவர். மடத்தை நடத்திய தாயம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. வயதில் இளையவரைக் குருவாகக் கொள்வதில் செங்கோடருக்குக் கூச்சம் இருந்ததில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதில்தான் கூச்சம். ஆகையால் அதிகம் பேசமாட்டார். எண்ணுவார், எழுதுவார்.

மடத்துக்கு ஏழு ஊர்களில் ஏழு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஒரு முறை, ஏழிலும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளை வைத்து, அறுபது மார்க்குக்குப் பரீட்சை நடத்துவது செங்கோடரின் வேலை. முதல் ஆண்டு மார்க்குகளை நோட்டில் எழுதி வைத்ததோடு சரி. இரண்டாம் ஆண்டு சந்தையில் ஜனங்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிள்ளைகளை அனுப்புறது நாங்க. எந்தப் பள்ளிக்கூடம் எப்படின்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா சாமி?"

நியாயமான கேள்விதான். அதை அவர் தாயம்மையிடம் கொண்டுபோனார்.

"சொல்லிவிடலாமா அம்மா?"

"உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றார் தாயம்மை.

செங்கோடர் தச்சரிடம் ஒரு பலகை செய்து வாங்கினார். கறுப்பு வண்ணம் அடித்து, வெள்ளையில் ஏழு வரி எழுதினார். ஒவ்வொரு பள்ளிக்கும் சராசரி மார்க். கூடியது மேலே, குறைந்தது கீழே. முதல் வரியில் பெரியதோட்டம், நாற்பத்தேழு. ஏழாவது வரியில் கரட்டுப்புதூர், இருபத்தொன்று. மூன்று தடவை சரிபார்த்தார். பலகை சந்தை முகப்பில் ஏறியது.

அன்று நாள் முழுக்க அவர் வெற்றிலைக் கடை ஓரமாக நின்று, ஜனங்கள் பலகையை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி எழுத்து முத்து முத்தா இருக்குது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்று அவருக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

ஒரு மாதம் போயிற்று.

அடுத்தடுத்த சந்தைகளில் வேறு பேச்சுகள் காதில் விழுந்தன. மிளகாய் அளக்கிறவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்: "கரட்டுப்புதூர்க்காரன் வாரான், எத்தனை படின்னு ரெண்டு தரம் சொல்லு. ஏழாவது ஊரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். வாங்க வந்தவரும் சிரிக்க முயன்றார். செங்கோடர் அதைப் பார்க்காதவர்போல நகர்ந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள், எண்ணெய்ப் புட்டியோடு போன ஒரு சிறுமியை அவரே நிறுத்தி, "எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு?" என்று கேட்டார்.

"ஏழாவது பள்ளிக்கூடமுங்க" என்றாள். ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, புட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு போனாள்.

செங்கோடர் வாங்க வந்ததை வாங்காமல் மடத்துக்குத் திரும்பினார்.

"அம்மா, நான் எழுதிய எண்ணில் பிழை இல்லை" என்றார். "ஆனாலும் அந்தப் பிள்ளை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏன்?"

தாயம்மை முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நாளைக்குப் பௌர்ணமி. ஏழு ஊர் ஆசிரியர்களும் பகல் சாப்பாட்டுக்கு வருவார்கள். அவர்கள் கால் கழுவ நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். ஏழு தாம்பாளம் எடுத்து வையுங்கள். ஒருவர் கழுவிய தண்ணீர் இன்னொருவருடையதோடு சேரக் கூடாது."

"சரி அம்மா."

"கொட்டியும் விடாதீர்கள்."

மறுநாள் செங்கோடர் ஏழு பெரிய பித்தளைத் தாம்பாளங்களை விளக்கி, வாசலில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாமரை செதுக்கியிருந்தது.

முதலில் வந்தவர் பெரியதோட்டத்து ஆசிரியர் ராசப்பன். மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். தாம்பாளத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னுங்க சாமி இது, மாப்பிள்ளைக்குக் கழுவுற மாதிரி! பொண்ணு எங்கீங்க?"

"அம்மா சொன்னார்" என்றார் செங்கோடர்.

"எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிராதீங்க."

வண்டியை விட்டு வாசல் வரைக்கும் நடந்ததுதான் அவர் கால் பட்ட பாடு. ஒரு செம்புத் தண்ணீர் போதுமாயிருந்தது. தண்ணீருக்கு அடியில் தாமரையின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது.

அடுத்து ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் சைக்கிளில். ஒருவர் வாய்க்கால் மேட்டில் நடந்து வந்தார். மற்ற இரண்டு பேர் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு மைல் நடந்து வந்தார்கள். செங்கோடர் ஒவ்வொருவருக்கும் குனிந்து ஊற்றினார். சிலருக்கு ஒரு செம்பு, சிலருக்கு ஒன்றரை.

கரட்டுப்புதூர் செல்லாயி டீச்சர் கடைசியாக வந்தார். அந்த ஊர் கரட்டுக் குன்றுக்கு அப்பால் இருந்தது. வண்டிப் பாதை கிடையாது. ஏழு மைல், நடுவில் ஒரு ஓடை, பிறகு செம்மண் காடு. முழங்கால் வரை சேறு ஏறிக் காய்ந்திருந்தது.

செங்கோடர் செம்பை எடுத்ததும் அவர் பின்வாங்கினார்.

"நீங்க ஊத்த வேண்டாமுங்க சாமி. செம்பை இப்படிக் குடுங்க, நானே கழுவிக்கறேன்."

"அம்மா சொல்லியிருக்கிறார். நில்லுங்கள்."

டீச்சர் தாம்பாளத்தில் ஏறி நின்றார். முதல் செம்பு சிவப்பாக இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. குதிகாலில் வெடிப்பு இருந்தது. கட்டைவிரல் பக்கத்தில் முள் எடுத்த புண் ஒன்று இன்னும் ஆறாமல் இருந்தது. குனிந்திருந்த செங்கோடருக்கு அந்தப் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. மேலே குரல் கேட்டது.

"முப்பத்தெட்டுப் பிள்ளைங்க இருந்துதுங்க. பலகை வெச்ச பிறகு பதிமூணு நின்னுருச்சு. நாலு பேரைப் பெரியதோட்டத்துல சேத்துட்டாங்க. மத்த ஒன்பது ஆடு மேய்க்குது."

செங்கோடர் ஊற்றினார்.

"கடைசிப் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை எதுக்குன்னு ஊர்ல கேக்கறாங்க. புகையிலை உலர்த்தத் திருப்பிக் குடுங்கறாங்க. சாப்பிட்டதும் சாவியை அம்மா கையில குடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தனுங்க."

செங்கோடர் தலையைத் தூக்கவில்லை. எத்தனை செம்பு ஊற்றினோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

பந்தி முடிந்தது. ஆசிரியர்கள் ஏழு பேரும் கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தாம்பாளங்கள் அங்கேயே இருந்தன. தாயம்மை வந்து நின்றார்.

"செங்கோடரே, இவற்றை வரிசைப்படுத்துங்கள்."

"எப்படி அம்மா?"

"தெளிந்த தண்ணீர் முதலில். கலங்கியது கடைசியில்."

செங்கோடர் குனிந்தார். சொன்ன வேலையைத் துல்லியமாகச் செய்வது அவர் பழக்கம். ராசப்பன் கழுவிய தாம்பாளத்தைத் தளும்பாமல் முதலில் வைத்தார். அடுத்து சைக்கிளில் வந்த இருவருடையதை வைத்தார். அவற்றில் எது முதல் என்று சற்று யோசித்து, கூர்ந்து பார்த்து, மாற்றி வைத்தார். நான்காவதை நகர்த்தும்போது கை மெதுவாயிற்று. ஐந்தாவது, ஆறாவது. ஏழாவதன் விளிம்பைப் பிடித்தவர் அதை நகர்த்தவில்லை. செம்மண் தண்ணீரில் தாமரை இருக்கும் இடமே தெரியவில்லை. அவர் அப்படியே குனிந்து நின்றார்.

"ஏன் நின்றுவிட்டீர்கள்? வரிசையில் பிழையா?"

"பிழை இல்லை அம்மா."

"இதையும் சந்தையில் கொண்டுபோய் வைக்கலாமா?"

செங்கோடர் விளிம்பை விட்டுவிட்டார். ராசப்பன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"உங்கள் நோட்டை எடுத்து வாருங்கள்" என்றார் தாயம்மை.

அவர் போய் எடுத்து வந்தார். மெலிந்த நோட்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம்.

"கரட்டுப்புதூருக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? முழுவதும் வாசியுங்கள்."

நாலு பேர் முன்னால் குரல் எழும்பாதவர் அவர். இப்போது அதிலும் பாதிதான் வந்தது.

"பதிவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பரீட்சை எழுதியது முப்பத்தெட்டு. கை முறிந்த ஒருவன் வாயால் சொன்னான், டீச்சர் எழுதிக்கொண்டார். போன வருஷம் சராசரி ஆறு. அதற்குப் பிறகுதான் இந்த டீச்சர் அங்கே போனார். இந்த வருஷம் இருபத்தொன்று."

"பெரியதோட்டம்?"

"பதிவில் அறுபத்திரண்டு. எழுதியது ஐம்பத்தொன்று. போன வருஷம் நாற்பத்தாறு. இந்த வருஷம் நாற்பத்தேழு."

தாயம்மை ராசப்பன் பக்கம் திரும்பினார். "பதினோரு பிள்ளைகள் வரவில்லையா?"

"காய்ச்சலுங்கம்மா."

"பதினோரு பேருக்குமா?"

"ஒரு நாள் காய்ச்சலுங்க" என்றார் ராசப்பன். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மறுநாளே எல்லாரும் வந்துட்டாங்க."

வாய்க்கால் வழியாக வந்த ஆசிரியர் துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினார். தாயம்மை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மறுபடி செங்கோடரைப் பார்த்தார்.

"பலகை எழுதும்போது இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா."

"தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றுதானே சொன்னேன்?"

"பலகையில் இடம் போதவில்லை அம்மா."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குக் காது சுட்டது. பலகையின் நாலு ஓரத்திலும் அரைச் சாண் அகலத்துக்கு அவர் பூங்கொடி வரைந்திருந்தார். மொட்டும் இலையுமாக, ஒன்றரை நாள் வேலை. அங்கே நின்ற எட்டுப் பேரும் அந்தக் கொடியைப் பார்த்தவர்கள். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"இன்றைக்கே போய்ப் பலகையை இறக்கிவிடுகிறேன்" என்றார்.

"இறக்காதீங்க சாமி."

செல்லாயி டீச்சர்தான் பேசினார். கையில் சாவி இருந்தது.

"இப்ப இறக்கினா எதையோ மறைக்கிறாங்கன்னுதான் பேசுவாங்க. அதுல இருக்கறது பொய்யில்லீங்களே. எம் பிள்ளைங்கள்ல பத்தொன்பது இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்குது. அவங்க அப்பன் ஆத்தாளுக்கு அது தெரிய வேண்டாமுங்களா?"

செங்கோடர் அவர் முகத்தைப் பார்க்க நினைத்தார். பார்வை கால் வரைக்கும்தான் போயிற்று. கழுவிய பிறகும் வெடிப்புகளில் சிவப்பு இருந்தது.

"வைத்திருந்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு" என்றார். "நான் என்ன செய்ய அம்மா?"

"பலகை எத்தனை அகலம்?"

"மூன்று முழம்."

"நோட்டில் இருப்பதையெல்லாம் எழுத எத்தனை முழம் வேண்டும்?"

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. எண்ணினார்.

"ஐந்து முழம்" என்றார். பிறகு, மெதுவாக, "கொடி இல்லாமல்" என்றார்.

"மடத்து வாசல் கதவு எத்தனை அகலம்?"

அதையும் அவர் எப்போதோ அளந்திருந்தார்.

"இரண்டு கதவும் சேர்த்து ஐந்தரை முழம் அம்மா."

"கழற்றுங்கள்."

செங்கோடருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அந்தக் கதவு மடம் கட்டிய காலத்துத் தேக்கு. ராசப்பன் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆடு மாடெல்லாம் உள்ள வந்துருமுங்களேம்மா?"

"வந்தால் செங்கோடர் எண்ணிக்கொள்வார்."

செல்லாயி டீச்சர் சாவியை முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சாக முடிந்துகொண்டார். செங்கோடர் கதவருகே போய் நின்றார். கீல் எட்டு இருந்தது. அவர் ஒன்றில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"கதவு இல்லாவிட்டால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே பார்ப்பார்களே அம்மா?"

"பார்க்கட்டும்" என்றார் தாயம்மை.