மொட்டைமாடியில் மூன்று கற்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. கடல் தண்ணீர்த் தொட்டியில் மீன் வளர்க்கும் விவகாரத்தில் வயதை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை மீனைச் சாகக் கொடுத்துப் பாடம் கற்றீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

குருவின் பெயர் லூர்து. காசிமேட்டில் பிறந்தவள். கொளத்தூர் வண்ண மீன் கடைத் தெருவில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. நாலு பேர் சேர்ந்தாற்போல நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

சீடர் நடனசபாபதி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் முதன்முதலாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி வந்தது அவர் காலத்தில்தான். அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த நூற்றுக்கு நூறு வருஷத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாலடிக் கடல் தொட்டியை வாங்கி, வீட்டுக் கூடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே ஏழு கற்கள், ஒரு ஜோடிக் கோமாளி மீன், விரல்களை விரித்தாற்போல ஒரு பவளம். ஐந்து வருஷம் தொட்டி நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பங்குனியில் பாசி வந்தது.

பச்சைப் பசேலென்று முடி மாதிரி நீளமாக வளர்கிற பாசி. இன்று பிடுங்கினால் அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். ஹெட்மாஸ்டர் அதில் ஒரு கொத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு லூர்துவின் கடைக்கு வந்தார்.

"இதை ஒழிக்க என்னம்மா மருந்து?"

லூர்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தொட்டிக்குள்ள நீங்க என்னென்ன போடுறீங்களோ அத்தனையும் பதினஞ்சு நாளைக்கு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாங்க சார். அதுவரைக்கும் உள்ள இருக்கிற எதையும் வெளிய எடுக்காதீங்க."

"மருந்து கேட்டா வீட்டுப்பாடம் தர்றியே. நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"ஒம்போதாவது, சார்."

"அடடா" என்றார். இந்த 'அடடா'வை அவர் தம் வாழ்நாளில் பல பெற்றோர்களிடம் சொல்லியிருக்கிறார். பழக்கத்தில் வந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து நோட்டோடு வந்தார். கோடு போட்டு, மார்ஜின் விட்டு, தேதி வாரியாக எழுதியிருந்தார். காலையில் ஒரு சிட்டிகை தீனி. மாலையில் ஒரு சிட்டிகை. ஆவியான அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீர், இரண்டு லிட்டர். வேறொன்றும் இல்லை.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்கு சார்" என்றாள் லூர்து. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எழுதாதது எது?"

"எல்லாத்தையும்தான் எழுதிட்டேனே."

"இம்மாந்துண்டு தீனிக்கு அம்மாம் பாசி வராது சார். எழுதாதது ஒண்ணு இருக்கு. அது என்னன்னு பாருங்க."

முப்பத்து நாலு வருஷம் ஊரார் பிள்ளைகளின் நோட்டை இப்படித் திருப்பிக் கொடுத்தவர் அவர். தம் நோட்டு திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. காது சிவக்க வீட்டுக்கு வந்தார்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நூற்றுக்கு நூறு வருஷத்துக்கு இது இருபதாவது ஆண்டு. அன்றைக்குத் தேர்வு எழுதிய நாற்பத்தொரு பேரும் வருகிற மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அவர் வீட்டுக்கு வருகிறார்கள். பட்டியலை அவர்தான் தேர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுப்பதாக ஏற்பாடு. அவர்கள் கொடுத்த தொட்டி புதர் மண்டிக் கிடக்கும்போது எந்த முகத்தோடு நடுவில் நிற்பது?

ஆகவே தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்.

ஏழு கற்களில் இடது மூலையில் இருந்த கல்தான் மோசம். அதில் பாசி ஒரு சாண் நீளம். மற்றவற்றில் நகக்கண் அளவுதான். அந்தக் கல்லை மட்டும் தூக்கி மொட்டைமாடி வெயிலில் போட்டார். உடனே தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

நாலே நாளில் அடுத்த கல்லில் முடி வளர்ந்தது. அதையும் தூக்கினார். பிறகு இன்னொன்று.

மூன்றாவது கல் மாடிக்குப் போன மறுநாள் பவளம் விரல்களைச் சுருட்டிக்கொண்டது. கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். அவர் கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு லூர்துவுக்குப் போன் போட்டார்.

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் இரண்டு கேன் உப்புத் தண்ணீரோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"கல்லுங்க எங்க சார்?"

"மாடியில காயுது."

பழைய தண்ணீரில் இரண்டு கேன் அளவு இறக்கிவிட்டுக் கொண்டுவந்ததை மெதுவாக ஊற்றினாள். ஒரு மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. பிறகு ஒரு குழாயைக் கற்களுக்குப் பின்னால் விட்டு உறிஞ்சி வாளியில் இறக்கினாள். பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன சார்?"

"மீனோட கழிவா?"

"தீனி. மீனு திங்காத தீனி."

"ரெண்டே வேளைதாம்மா போடறேன். நோட்டைப் பார்த்தியே."

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுப் போட்டுக் காட்டுவீங்களே, அது எதுல சேர்த்தி?"

"அது தீனி இல்லடி. மீன் மேலே ஏறி வர்றதைக் காட்டறதுக்கு ஒரு சிட்டிகை போடறது. அது வேடிக்கை."

"ஒரு நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க?" என்று லூர்து அடுப்படியைப் பார்த்துக் கேட்டாள்.

"கேஸ்காரர், கூரியர்காரர், கீழ் வீட்டுக் குழந்தைங்க, இவரோட வாக்கிங் போறவங்க... யார் வந்தாலும் முதல்ல தொட்டிகிட்டதான் கூட்டிட்டுப் போவாரு. இது எந்த பேட்ச் கொடுத்தது தெரியுமான்னு ஆரம்பிப்பாரு."

ஹெட்மாஸ்டர் வாளியைப் பார்த்தார். அந்தச் சிட்டிகையை நோட்டில் எழுதவேண்டும் என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதற்காகத்தான் இப்போது வெட்கப்பட்டார்.

"சரி. என் தப்புதான். ஆனா அந்த மூலைக் கல்லுல மட்டும் ஏன் அத்தனை பாசி? மத்ததெல்லாம் ஒழுங்காத்தானே இருந்தது?"

லூர்து வாளியிலிருந்து ஒரு கரண்டி சேற்றை எடுத்துத் தொட்டியின் நடுவில் விட்டாள். மோட்டார் தள்ளிய தண்ணீர் அதைச் சுழற்றியது. கலங்கல் ஒரு சுற்றுச் சுற்றி இடது மூலைக்குப் போய், முதல் கல் இருந்த காலி இடத்தில் படிந்தது.

"அது உக்காந்த இடம் அப்படி சார். எல்லா அழுக்கையும் தண்ணி அங்கதான் தள்ளுது. அந்தக் கல்லு அத்தனையும் வாங்கிக்கிச்சு, மத்ததெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அத எடுத்தீங்க. அடுத்தது வாங்குச்சு."

விட்டதைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிட்டு, "வாங்க, மாடிக்குப் போவோம். ஒரு சுத்தியல் எடுத்துக்கோங்க" என்றாள்.

மாடியில் மூன்று கற்களும் சாம்பல் பூத்துக் கிடந்தன. பாசி கருகிச் சருகாகியிருந்தது. கிட்டே போனதும் செத்த மீன் நாற்றம் அடித்தது.

"வெறும் கல்லு நாறுமா சார்?"

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கடைல இதுக்கு உயிர்க்கல்லுன்னு பேரு. உள்ள அத்தனை பொந்து, பொந்துக்குப் பொந்து ஏதாவது ஒண்ணு குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாததுங்கதான் தண்ணிய சுத்தம் பண்ணுதுங்க. மூணு கல்ல எடுத்ததும் தண்ணி கெட்டதுக்கு அதான் காரணம்."

முதல் கல்லைத் திருப்பி வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு பொந்தில் விரற்கடை நீளத்தில் காய்ந்துபோன ஓர் இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. அவள் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது வெளியவே வராது. அஞ்சு வருசத்துல ஒரு தபா கூட நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஆனா தொட்டிலேர்ந்து அப்பப்ப 'டொக்கு'ன்னு ஒரு சத்தம் கேட்டிருக்குமே? கொடுக்க சொடுக்கும். அந்தச் சத்தம்."

கேட்டிருக்கிறது. தினமும் சாயங்காலம் அவர் பேப்பர் படிக்கும்போது டொக், சற்று நேரம் கழித்து டொக். மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தார். இரண்டு வாரமாக அந்தச் சத்தம் இல்லை. மோட்டார் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையை மூடவும் இல்லை, இறாலைக் கீழே போடவும் இல்லை.

"லூர்து, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"ஞாயித்துக்கிழமை வர்றாங்களே, இந்தத் தொட்டி கொடுத்த நூத்துக்கு நூறு பேட்ச், அவங்க நாற்பத்தொரு பேர். ஆனா ஒன்பதாவது முடியறப்ப அந்த வகுப்புல நாற்பத்தஞ்சு பேர் இருந்தாங்க."

"மீதி நாலு பேரு?"

"நாலு பேருக்கு டிசி கொடுத்துட்டேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, இங்கேயே இருந்தா பெயில், வேற எங்கேயாவது போறதா இருந்தா பாஸ் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அப்போ எல்லாப் பள்ளிக்கூடத்திலேயும் செய்யறதுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அவங்க வேற எங்கனா சேந்தாங்களா?"

"நான் விசாரிக்கலை."

லூர்து சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்கா சார்?"

"வேலவேந்தன். ஜான் போஸ்கோ. செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு, அவ அம்மா ரொம்ப அழுதாங்க. நாலாவது ஒரு பையன்..." அவர் நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார். "கடைசி பெஞ்ச். ஓயாம பெஞ்சுல விரலால தாளம் போட்டுக்கிட்டே இருப்பான். நான் வராண்டாவில போறப்போ கேட்கும். எத்தனையோ அடி வாங்கியிருக்கான் அதுக்காக. பேர் வரமாட்டேங்குது."

கீழே தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"இந்தக் கல்லைத் திரும்பத் தண்ணியில போட்டா உயிர் வந்துடுமா?"

"நல்லா கழுவி ஊறப்போட்டு, அப்பால வைக்கலாம். மீதி நாலு கல்லுல இருந்து வேற உயிரு இது மேல வந்து ஏறும். வருசம் ஆவும்."

"இதுல இருந்தது?"

"அது செத்துப் போச்சு சார்."

அவர் தலையாட்டினார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

லூர்து எழுந்து, உடைந்த துண்டுகளையும் மற்ற இரண்டு கற்களையும் வாளியில் எடுத்து வைத்தாள். கிளம்பும்போது வேலையைச் சொன்னாள்: தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், பாசியைக் கையால்தான் பிடுங்க வேண்டும், அவள் தருகிற, பாசி தின்னும் பத்து நத்தைகளை விட வேண்டும், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்று மாதமாவது ஆகும்.

"மூணு மாசமா? இன்னும் நாலு நாள்ல எல்லாரும் வந்துடுவாங்களே."

"வரட்டும்."

"தொட்டியில பாதி காலி. மிச்சத்துல பாசி. என்ன சார் ஆச்சு, மீதிக் கல்லெல்லாம் எங்கேன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

லூர்து வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓர் அடி இறங்கினாள். திரும்பி அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"அத கேக்க வேண்டியவங்கள நீங்க கூப்பிடவே இல்லையே சார்."