ஒன்பதரை மணி வகுப்பு

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குரு செலின், பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பேராசிரியை. சீடர் பகவதி அதே துறையில் மூத்த ஆசிரியை. பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு செலினிடமே முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவரை அன்றிலிருந்து ‘மேடம்’ என்கிறார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி செலினுக்கும் அலுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் பகவதி ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார். ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது.

“என்னக்கா இது? இன்னும் ஒரு இயல்தானே பாக்கி?”

“தினமும் காலையில ஒரு மணி நேரம் எழுதிட்டிருந்தேன் மேடம். அவருக்குப் பக்கவாதம் வந்ததுல இருந்து அந்த நேரத்துக்குத்தான் பிசியோதெரபி. முடிஞ்சதும் ஒன்பதரை வகுப்புக்கு ஓடி வாரேன். சாயங்காலம் உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்ல.”

செலின் கடிதத்தைத் தொடவில்லை.

“நீங்க கைக்குழந்தையை வச்சுக்கிட்டுத்தானே பட்டம் வாங்குனீங்க? வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிச்சீங்க? அதைச் சொல்லிக் குடுங்க. இல்லன்னா இதுல கையெழுத்துப் போட்டுருங்க.”

செலின் எழுந்து, அலமாரியிலிருந்து தன் ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டி நீட்டினார்.

“நன்றியுரையைப் படிங்க.”

ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை. நன்றியுரையையாவது படிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்புகிறார்கள், பாவம். பன்னிரண்டு வருடமாக அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்த பகவதியும் அதைத் திறந்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நெறியாளர், துணைவேந்தர், கணவர், அம்மா. கடைசியில் இப்படி இருந்தது:

‘இரண்டு வருடம், நான் கேட்காமலே, என் ஒன்பதரை மணி வகுப்பை எடுத்த பகவதி அக்காவுக்கு. அந்த ஒரு மணி நேரம்தான் குழந்தை தூங்கும். இது முழுவதும் அப்போது எழுதியது.’

பகவதிக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. பிறகு மெல்ல வந்தது.

“இதெல்லாம் ஒரு விஷயமா? நான் அப்ப சும்மாதான் இருந்தேன்.”

“ரெண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்து நின்னீங்க. எனக்கு நன்றி சொல்ல வாய் வரல. அதான் எழுதி வச்சேன்.”

பகவதியின் கண் நிறைந்துவிட்டது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே செலின்” என்றார்.

செலின் பேனாவை எடுத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணை முன்னால் போய் நின்றார்.

“நாளைக்கு ஒன்பதரைக்கு உங்களுக்கு எந்த வகுப்புக்கா?”