வாக்ஸ்தால் ஊர்ச்சின்னத்தில் தேனீ இல்லாத கூடை

அந்தக் காலத்தில் தேனீக்களுக்கு மனிதரிடம் பேச நிறைய இருந்தது. ஜெர்மன் நாட்டில் காட்டுக்கு நடுவே வாக்ஸ்தால் என்றொரு சிற்றூர். அங்கே வெண்டலின் என்பவன் வைக்கோலால் முடைந்த கூடை ஒன்றில் தேனீ வளர்த்தான். தேன் விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வீட்டில் யாராவது இறந்தால் கூடையைத் தட்டி முதலில் தேனீக்களிடம் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். கேட்டபின் அவை தங்கலாம், போய்விடவும் செய்யலாம்.

பனிக்காலத் தொடக்கத்தில் மரம் சாய்ந்து வெண்டலின் இறந்தான். அவன் மனைவி வால்புர்கா கூடையின் பக்கமே போகவில்லை.

"சொல்லிவிட்டாயா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஆக்னஸ்.

"சொல்லிவிட்டேன்."

நான்காம் நாள் தேனீக்களே கூப்பிட்டன.

"வால்புர்கா, எங்கே உன் வீட்டுக்காரர்?"

இவையும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அவள் பயந்தாள். "மலைக்கு அப்பால் சந்தைக்குப் போயிருக்கிறார்."

"இந்தக் குளிரிலா? உன் முட்டைக்கோஸ் சூப்புக்குப் பயந்து ஓடியிருப்பார்!" என்றது ஒரு தேனீ. கூடை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் ராணித் தேனீ கேட்டது. "இன்னும் வரவில்லையா? வழியில் விழுந்து கிடந்தால்? நீ தேடிப் போகவில்லையா?"

"வந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலையில் கூடையில் சத்தமே இல்லை. மலைப்பாதை நெடுகப் பனியின்மேல் பழுப்புப் புள்ளிகள் கிடந்தன. வால்புர்கா ஓடினாள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள். பாதை வளையும் இடத்தில் ராணியின் கால் மட்டும் அசைந்தது.

"மலை... இன்னும் எவ்வளவு தூரம்?"

"போக வேண்டாம். அவர் இறந்துவிட்டார். நான்தான் சொல்லவில்லை."

அது கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் அசைவது நின்றிருந்தது.

வால்புர்கா நடந்ததை ஊரில் மறைக்கவில்லை. பிறகு ஊருக்கென்று கேடயச் சின்னம் வரைந்தபோது, அதில் தேனீயை வரைய யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கேடயத்தின் வெள்ளை நிறத்தைத் தூய்மை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது பனி.

தேனீக்கள் மனிதரிடம் எதையும் கேட்காமல் போனது அன்று முதல்தான். வாக்ஸ்தாலின் வெள்ளைக் கேடயத்தில் ஒரு வைக்கோல் கூடை வாசல் திறந்தபடி இருப்பதும் அதனால்தான்.